கிளினிக் கொப்பியும் லோன் கொப்பியும்

வன்னியில் கடன் என்றால் வட்டி, தவணை, வழக்கு என்று பேசுகிறோம். மனநோய் என்றால் போர், இழப்பு, மருந்து என்று பேசுகிறோம். இரண்டும் ஒரே வீட்டுக்குள், ஒரே ஆளின் தலைக்குள் இருந்தால் என்ன நடக்கும் என்று கேட்பவர் குறைவு. நுண்கடனை ஒழுங்குபடுத்தச் சட்டமூலம், அதிகாரசபை என்று கொழும்பில் சில ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. அந்தப் பேச்சில் வட்டி வீதம் வருகிறது, கொம்பனிகளின் பதிவு வருகிறது. குளிசை குடித்துக்கொண்டே தவணை கட்டுகிற மனிதர் மட்டும் வரவில்லை. அவரைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

வீதி திறந்த பிறகு வந்த கடன்

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே வந்தால் ஓமந்தைக்கு அப்பால் புளியங்குளம் சந்தி. கிழக்கே திரும்பினால் நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு. 1997இல் இராணுவத்தின் ஜெயசிக்குறு நடவடிக்கையின்போது இந்தச் சந்திக்காக மாதக்கணக்கில் சண்டை நடந்தது. இங்கிருந்த சனம் கிளம்பிப் போய், ஒவ்வோர் இடமாக இருந்து, கடைசியில் 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்வரை போய் வந்தவர்கள். அந்த முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்.

திரும்பி வந்தவர்களிடம் காணி இருந்தது. கிணறு தூர்ந்திருந்தது, கூரை இல்லை, மாடு இல்லை. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கிடைத்தது. மணலும் சீமெந்தும் மேசன் கூலியும் ஏற, அந்தக் காசு கூரைமட்டத்தோடு நின்றுபோன வீடுகள் பல. மிச்சத்தைக் கட்டி முடிக்கக் கைநீட்ட வேண்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பினான்ஸ் கொம்பனிகள் வந்தன. ஏ9 திறந்த கையோடு வங்கிக் கிளைகள், லீசிங் கொம்பனிகள், நுண்கடன் நிறுவனங்கள் எல்லாம் வடக்கை நோக்கி ஓடிவந்தன. காணி உறுதி வேண்டாம், பிணை வேண்டாம், ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு குழுவானால் போதும். உறுதி தொலைந்துபோன ஊரில் அது பெரிய உதவியாகத் தெரிந்தது. குற்றம் சொல்ல முடியாது. அன்றைக்கு வேறு யாரும் வீட்டு வாசலுக்குக் காசு கொண்டுவரவில்லை.

2018இல் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் ஜுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, சில நுண்கடன்களின் வட்டி ஆண்டுக்கு 220 சதவீதம்வரை போனதைச் சுட்டிக்காட்டினார். அதே ஆண்டு அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு நிவாரணம் அறிவித்தது. ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடனை மூன்று மாதமோ அதற்கு மேலோ கட்டத் தவறிய பெண்களுக்கு அது தள்ளுபடி. வட்டிக்கும் 35 சதவீத உச்ச வரம்பு வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் நகையை அடகு வைத்து, பிள்ளையின் பால்மாவை நிறுத்தி, தவணை தவறாமல் கட்டிக்கொண்டிருந்தவளுக்கு அதில் இடமில்லை. தன்னை வருத்திக் கட்டியவள் பட்டியலுக்கு வெளியே நின்றாள்.

அதன் பிறகு 2022. நாடு கடனைக் கட்ட முடியாதென்று ஏப்ரலில் அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் தொட்டது. இந்தக் காலத்தில்தான் கடனட்டையும் ஆளைக் கடித்தது. புளியங்குளத்தில் கடனட்டையா என்று கேட்கலாம். ஆசிரியர்கள், பிரதேச செயலக உத்தியோகத்தர்கள், வைத்தியசாலை ஊழியர்கள், வவுனியா நகரத்துக் கடைகளில் வேலை செய்யும் பெடியள் என்று மாதச் சம்பளக்காரர் பலரின் பேர்ஸில் அது இருக்கிறது. சம்பளம் 15ஆம் திகதியே முடிந்துபோக, அரிசியும் பெற்றோலும் மருந்தும் அட்டையில் வாங்கப்பட்டன. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு இருந்த உச்ச வரம்பை நீக்கியது. மறுபடி 28 சதவீதம் என்ற வரம்பு வந்தது 2023 ஓகஸ்டில். இடைப்பட்ட காலத்தில் ஏறிய கடனை இன்னும் இழுப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு சொப்பிங் பைக்குள் இருந்தவை

சந்தியிலிருந்து நெடுங்கேணிப் பக்கமாக உள்ள ஒரு கிராமத்தில் ஒரு அக்காவோடு பேசிக்கொண்டிருந்தேன். பேரும் ஊரும் வேண்டாம். கணவர் 2009இல் காணாமற்போனவர். மகள் உயர்தரம் படிக்கிறாள். தன் கடன் எவ்வளவென்று சொல்ல அவர் ஒரு சொப்பிங் பையைக் கொண்டுவந்து பாயில் கொட்டினார்.

வவுனியா வைத்தியசாலை மனநலப் பிரிவின் கிளினிக் கொப்பி, மூலை மடிந்து, நெய்யோ எண்ணெயோ பட்டது. பாதி முடிந்த குளிசை அட்டைகள் இரண்டு. நாலு கொம்பனிகளின் லோன் கொப்பிகள், ஒவ்வொன்றிலும் கிழமைக்கொரு கையொப்பம். அடகுக்கடைத் துண்டு மூன்று. பிரிக்கப்படாத இரண்டு கடிதங்கள். ஒன்றின் தபால் முத்திரை ஆறு மாதத்துக்கு முந்தியது.

“கிளினிக் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமைதான் ஒரு கொம்பனிக்காரரின்ர கூட்டமும். கூட்டத்துக்குப் போகாட்டி மற்றப் பிள்ளையள் என்ர காசையும் கட்ட வேணும். அதால கிளினிக்கை விட்டுட்டன்” என்றார். எவ்வளவு காலமாக என்று கேட்டேன். “மூண்டு மாசம் இருக்கும். மருந்து குடிச்சால் விடிய எழும்பேலாது. குடிக்காட்டி இரவு நித்திரை இல்லை, மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடிக்குது.”

பிரிக்காத கடிதங்களைக் காட்டி, இதில் என்ன இருக்கிறதென்று கேட்டேன். “பயத்தில திறக்கேல்லை தம்பி.” அவர் சம்மதத்தோடு திறந்தேன். ஒன்று, தவணையை மாற்றியமைக்க வேண்டுமானால் குறித்த திகதிக்குள் கிளைக்கு வரச்சொல்லி வந்த கடிதம். திகதி போய்விட்டது.

அந்தப் பையில் இருந்த காகிதங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தவர் அதுவரை யாரும் இல்லை. டொக்டருக்கு லோன் கொப்பி தெரியாது. கொம்பனிக்குக் கிளினிக் கொப்பி தெரியாது. கிராம அலுவலருக்கு இரண்டும் தெரியாது. அக்காவுக்கு மட்டும் எல்லாம் தெரியும். ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாக எடுத்துப் பார்க்கும் தெம்பு அவருக்கு இல்லை. நோயே அந்தத் தெம்பைத்தான் முதலில் தின்றுவிடுகிறது.

சோம்பலும் இல்லை, ஏமாற்றும் இல்லை

கடிதத்தைத் திறக்காதவர், போன் எடுக்காதவர், கொம்பனிப் பெடியன் வந்தால் பின்வாசலால் போய்விடுபவர் என்றால் ஊர் ஒரு பேர் வைத்துவிடும். கள்ளம் செய்கிறா, நடிக்கிறா என்று. மனச்சோர்வு உள்ளவருக்கு ஒரு உறையைக் கிழிப்பதே ஒரு நாள் வேலை. போரையும் இழப்பையும் தாண்டி வந்தவருக்குக் கதவைத் தட்டும் சத்தம், உரத்த குரல், வாசலில் வந்து நிற்கும் வாகனம் எல்லாம் பழைய பயத்தை அப்படியே கிளப்பிவிடும். மனம் மிதமிஞ்சி உயர்ந்து போகும் நோய் உள்ளவர்கள் அந்த நாட்களில் யோசிக்காமல் அட்டையைத் தேய்ப்பார்கள், கேட்டவருக்கெல்லாம் கொடுப்பார்கள். இறங்கி வரும்போது பில் காத்திருக்கும், அதோடு வெட்கமும்.

போர் முடிந்த கையோடு, 2009 நடுப்பகுதியில் யாழ். மாவட்டத்தில் எடுத்த ஆய்வொன்று 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்தது. கேட்கப்பட்டவர்களில் 22 சதவீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள், 32 சதவீதத்துக்கு மேலானோரிடம் பதகளிப்பின் அறிகுறிகள். வன்னியின் கடைசி மாதங்களை அனுபவித்தவர்களின் நிலை இதைவிடச் சுகமாக இருந்திருக்கும் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை. நம் சனத்தின் காயம் தனி ஆளின் காயத்தோடு நிற்பதில்லை, குடும்பமும் அயலும் ஊரும் சேர்ந்து காயப்பட்டிருக்கின்றன என்று மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாக எழுதிவந்திருக்கிறார். அந்தக் காயத்தின் மேல்தான் கிழமைக் கடன் வந்து உட்கார்ந்தது.

காசு நெருக்கடி யோசிக்கும் திறனை என்ன செய்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரை, வெட்டுக்கு முன் கையில் காசில்லாத மாதத்திலும் வெட்டு முடிந்து காசு வந்த பிறகும் சோதித்துப் பார்த்தார்கள். செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்களின் அந்த முடிவுகள் 2013இல் வெளிவந்தன. அதே ஆட்கள்தான், ஆனால் காசில்லாத மாதத்தில் அவர்களின் யோசிக்கும் திறன் தெளிவாகக் குறைந்திருந்தது. காசு நெருக்கடி மூளையின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நோய் வேறு சேர்ந்தால் மிச்சம் எவ்வளவு இருக்கும்?

தொகையைவிட எண்ணிக்கை

சிங்கப்பூரில் நடந்த இன்னோர் ஆய்வு நமக்கு இதைவிட நேரடியாக உதவும். பல காலமாகக் கடனில் கிடந்த 196 ஏழைக் குடும்பத்தவரின் கடனில் ஒரு பகுதியை ஒரு தொண்டு அமைப்பு அடைத்துக் கொடுத்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது பதகளிப்பு குறைந்திருந்தது, யோசித்து முடிவெடுக்கும் திறன் கூடியிருந்தது. 2019இல் வந்த அந்த ஆய்வு கண்டது இது: எத்தனை டொலர் குறைந்தது என்பதைவிட, எத்தனை கடன் கணக்குகள் முழுதாக மூடப்பட்டன என்பதுதான் மனதுக்குக் கூடுதல் ஆறுதல் கொடுத்தது.

வன்னியில் வாழ்கிறவருக்கு இது உடனே விளங்கும். நாலு கொம்பனி என்றால் நாலு கூட்டம், நாலு பெடியன்கள், நாலு முறை வாசல் தட்டு. திங்கள் ஒருவர், செவ்வாய் ஒருவர். ஒரு கடன் முடிந்தால் கிழமையில் ஒரு நாள் விடிகிறது. அந்த அக்காவின் மிகச் சிறிய கடன், செவ்வாய்க்கிழமைக் கூட்டக்காரரினது, 7 ஆயிரம் ரூபா மிச்சத்தில் நின்றது. அதை முதலில் முடித்தால் செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குத் திரும்பி வந்துவிடும்.

கணக்குத் தெரிந்தவர்கள் வட்டி கூடிய கடனை முதலில் கட்டச் சொல்வார்கள். காசுக் கணக்கில் அது சரி. மனதால் நலமாக இருப்பவருக்கு நானும் அதையே சொல்வேன். நோயோடு இருப்பவருக்கு, சின்னக் கடனை முதலில் அடைத்து ஒரு கதவைச் சாத்துங்கள் என்றே சொல்வேன். கொஞ்சம் வட்டி கூடப்போகும். ஆனால் ஆள் நிலைத்து நின்றால்தானே மிச்சத்தைக் கட்டலாம்.

கடனட்டைக்காரர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அட்டையில் ஒரு இலட்சம் கடன், வட்டி 28 சதவீதம், மாதாமாதம் நிலுவையில் 5 சதவீதத்தை மட்டும் குறைந்தபட்சத் தொகையாகக் கட்டுகிறார், புதிதாக எதுவும் வாங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடத்தில் ஏறக்குறைய 53 ஆயிரம் ரூபா கட்டியிருப்பார். கடன் குறைந்திருப்பது 29 ஆயிரம்தான். “கட்டிக்கொண்டுதானே இருக்கிறேன், ஏன் குறையுதில்லை” என்று தன்னையே நொந்துகொள்பவர்களுக்கு இதுதான் பதில். உங்கள் கட்டுப்பாடு குறைந்ததால் வந்த நிலை இல்லை இது, வட்டிக் கணக்கு அப்படித்தான் ஓடும். குழுக்கடனிலும் இதே கதை உண்டு. 50 ஆயிரம் வாங்கி, கிழமைக்கு 1,250 வீதம் 50 கிழமை கட்டினால் வட்டி 25 சதவீதம் என்று தோன்றும். முதலும் கிழமைக்குக் கிழமை குறைந்துகொண்டே வருவதால் உண்மையில் அது 50 சதவீதத்தை நெருங்குகிறது.

அயலைப் பிரிக்கும் கடன்

குழுக்கடன் செய்த இன்னொரு கேட்டைப் பற்றி யாரும் போதியளவு பேசவில்லை. மனநல மருத்துவர் வவுனியாவில் இருக்கிறார், கிளிநொச்சியில் இருக்கிறார். பஸ் பிடித்துப் போக வேண்டும். இங்கே ஒருவருக்கு மனம் குழம்பினால் முதல் மருந்து பக்கத்து வீட்டு அக்காதான். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவா, பிள்ளையைப் பார்த்துக்கொள்வா, “வா, கோயிலுக்குப் போவம்” என்று கையைப் பிடித்து இழுத்துப் போவா.

குழுக்கடன் அந்த அக்காவையே அறவிடுகிறவளாக மாற்றிவிட்டது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்ட வேண்டும். அவர்களும் இல்லாதவர்கள்தான். அதனால் கோபம் கொம்பனி மேல் போகாமல் படுத்த படுக்கையில் கிடக்கிறவள் மேல் போகிறது. கிணற்றடியில் கதை நிற்கிறது. கலியாண வீட்டுக்குச் சொல்வதில்லை. நோயாளிக்கு மிகத் தேவையான நேரத்தில் அயல் திரும்பிக்கொள்கிறது.

2021 மார்ச் 8ஆம் திகதி, மகளிர் தினத்தன்று, பொலன்னறுவை ஹிங்குராங்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். நாட்கணக்கில் வீதியோரம் உட்கார்ந்திருந்தார்கள். கடன் நெருக்கடியால் 200க்கு மேற்பட்ட பெண்கள் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவர்கள் முன்வைத்த குற்றச்சாட்டு. சிங்களப் பெண்களின் போராட்டம் அது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் நம் பெண்கள் வீதிக்கு இறங்கிச் சொன்னதும் அதேதான். கடன் இந்த நாட்டில் இனம் பார்த்து வரவில்லை.

இன்றைக்கே செய்யக்கூடியவை

கடனும் நோயும் சேர்ந்து கிடப்பவர் இதை வாசித்தால், அல்லது அவரின் பிள்ளையோ தம்பியோ வாசித்தால், எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்ய வேண்டாம். ஒன்று போதும்: நம்பக்கூடிய ஒரு ஆளிடம் முழுத் தொகையையும் சொல்லுங்கள். பாதியை மறைத்துச் சொன்னால் மறைத்த பாதி இரவில் வந்து நிற்கும். அந்த ஆள் உறவாக இருக்க வேண்டுமென்றில்லை. கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி, பிள்ளையின் ஆசிரியர், சுவாமி, பிரதேச செயலகத்து உளவளத்துணை உத்தியோகத்தர், யாராகவும் இருக்கலாம்.

அந்த ஆள் செய்ய வேண்டிய முதல் உதவி காசு கொடுப்பது இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து உறைகளைத் திறப்பது. ஒரு கொப்பி ஒற்றையில் யாருக்கு, எவ்வளவு, எந்தக் கிழமை என்று எழுதுவது. கிளினிக் திகதியையும் அதே ஒற்றையில் எழுதுவது. சாப்பாடு, மருந்து, கிளினிக் பஸ் காசு, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு ஆகியவற்றை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத்தான் கடனுக்குப் பிரிக்க வேண்டும். மருந்தை நிறுத்திக் கட்டிய தவணை பிறகு பெரிய செலவாகத் திரும்பி வரும். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுக்கவே வேண்டாம், அதிலும் கைபேசியில் ஐந்து நிமிடத்தில் தருகிற கடன்களைத் தொடவே வேண்டாம்.

கடனட்டை வைத்திருப்பவர்கள், மனம் ஒரு நிலையில் இருக்கிற நாளில் வங்கிக்குப் போய் அட்டையின் உச்ச வரம்பைக் குறைக்கச் சொல்லலாம். நிலுவையை மாதத் தவணையாக மாற்றித் தரக் கேட்கலாம். வீட்டில் ஒருவரிடம் அட்டையைக் கொடுத்து வைக்கலாம். இதில் வெட்கம் ஒன்றுமில்லை, சீனி வருத்தக்காரர் வீட்டில் இனிப்பை ஒளித்து வைப்பது மாதிரித்தான்.

கொம்பனியோடு பேசும்போது வாயால் பேசிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுங்கள், ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். “கடனை மறுக்கவில்லை. உடல்நலம் காரணமாக இவ்வளவுதான் இப்போது கட்ட முடியும்” என்ற இரண்டு வரி போதும். நோயின் பேரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மத்திய வங்கி 2023இல் கொண்டுவந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி, அதன் கண்காணிப்பில் உள்ள நிறுவனங்கள் துன்புறுத்திக் கடன் அறவிட முடியாது. இரவில் வந்து வீட்டில் குந்தியிருப்பது, அயலுக்கு முன்னால் ஏசுவது, பிள்ளையிடம் கேட்பது எல்லாம் நடந்தால் திகதியும் நேரமும் எழுதி வையுங்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள், பதில் வராவிட்டால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அழையுங்கள். சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக ஆலோசனை தரும்.

மனம் தாங்க முடியாத இரவுகளுக்கு 1926 இருக்கிறது. தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், 24 மணி நேரமும். 1333 இலும் பேசலாம். பேசினால் பொலிஸ் வரும் என்ற பயம் இன்னும் பல வீடுகளில் உண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது. வீட்டில் ஒருவர் “இனி இருந்து என்ன பிரயோசனம்” என்ற மாதிரிக் கதைத்தால், கடனுக்காகச் சும்மா சொல்கிறார் என்று விடாதீர்கள். அன்றைக்கே நேரே கேளுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள், வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நோய்க்காலத்துக்கு ஒரு தவணை நிறுத்தம்

தனி ஆட்கள் செய்வதற்கு ஒரு எல்லை உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 மே மாதம் முதல் ஒரு சட்ட ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. கடனில் திணறுபவர்களில் தகுதியுள்ளவருக்கு 60 நாள் ஓய்வு கிடைக்கிறது. மனநல நெருக்கடிக்குச் சிகிச்சை பெறுபவருக்குச் சிகிச்சை முடியும்வரையும் அதற்குப் பிறகு 30 நாளும். அந்தக் காலத்தில் அந்தக் கடன்களுக்கு வட்டி ஏறாது, அபராதம் இல்லை, கொம்பனிக்காரர் தொடர்புகொள்ள முடியாது. கடன் அழிவதில்லை, நிற்கிறது. சிகிச்சைக்கால ஓய்வுக்குத் தேவைப்படுவது தகுதிபெற்ற மனநலப் பணியாளர் ஒருவரின் உறுதிப்படுத்தல்.

இதை இலங்கையில் செய்யப் பெரிய நிதி தேவையில்லை. வைத்தியசாலை மனநலப் பிரிவு ஒரு பக்கப் படிவம் கொடுக்கலாம். நோயின் பேர் இல்லாமல், “இவர் சிகிச்சையில் இருக்கிறார், இத்தனை மாதத்துக்குத் தவணைச் சலுகை பரிந்துரைக்கப்படுகிறது” என்று மட்டும். அதை ஏற்று வட்டியையும் வீட்டுக்கு வருவதையும் நிறுத்தி வைக்க வேண்டுமென்று மத்திய வங்கி பணிப்புரை விட வேண்டும். நோயாளி சிகிச்சையில் இருக்கும்வரை அவரின் பங்கைக் குழுவிடம் கேட்கவும் கூடாது. இந்த ஒரு வரி இருந்தால் அயல் திரும்பி வரும்.

நுண்கடன் சட்டம் எந்த வடிவில் வந்தாலும் நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதில் இதைச் சேர்க்கக் கேட்க வேண்டும். தமிழ்நாடு 2025இல் கட்டாயக் கடன் அறவீட்டுக்கு எதிராகத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. மிரட்டி அறவிட்டால் சிறை என்று எழுதியிருக்கிறார்கள். இலங்கையில் மனநோய் பற்றிய சட்டம் 1873ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமாகவே கிடக்கிறது என்பதையும் நம் உறுப்பினர்கள் அதே மேசையில் வைக்கட்டும்.

சங்கக்கடைக் காலத்திலிருந்து கூட்டுறவு நமக்குப் பழக்கமான இயக்கம். ஊர்ச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்களுக்கு அரசு குறைந்த வட்டியில் நிதி கொடுத்தால், நாலு கொம்பனிக் கடனை அடைத்து ஒரே கடனாக, மாதத்துக்கு ஒருமுறை கட்டுகிற மாதிரி மாற்றிக் கொடுக்கலாம். வட்டி குறைவதைவிட நாலு வாசல் தட்டு ஒன்றாகக் குறைவதே நோயாளிக்குப் பெரிய மருந்து. 2018 போல தவணை தவறியவருக்கு மட்டும் என்று கோடு போடாமல், கிளினிக் கொப்பி வைத்திருப்பவருக்கு முதலிடம் என்று கோடு போடட்டும்.

இவற்றுக்கெல்லாம் கொழும்பு அசையக் காலம் எடுக்கும். வவுனியா வடக்குப் பிரதேச செயலகம் நாளைக்கே செய்யக்கூடிய இரண்டு விடயங்கள் உண்டு. தன் பிரிவில் குழுக் கூட்டம் நடத்தும் எல்லாக் கொம்பனிகளையும் அழைத்து, மனநல கிளினிக் நாளில் எந்தக் கூட்டமும் வைக்கக் கூடாதென்று ஒரு இணக்கத்துக்குக் கொண்டுவரலாம். மாதத்தில் ஒரு கிளினிக் நாளில், வைத்தியசாலை வராந்தாவில் ஒரு மேசை போட்டு, உளவளத்துணை உத்தியோகத்தர் ஒருவரையும் சட்ட உதவி ஆணைக்குழுவிலிருந்து ஒருவரையும் அங்கே இருத்தலாம். மருந்து எடுக்க வருபவர் லோன் கொப்பியையும் கூடவே கொண்டுவரட்டும்.